விரலில் நிறுத்திய விமானம்

சாலமோன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளிலும் சுருளியின் மஞ்சள் விமானம் உட்கார்ந்திருந்தது.

பங்குனி மாதம். வெயில் சாய்ந்து மேற்கு மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வற்றிப்போன கண்மாய்க்குள் நாங்கள் மூன்று பேர். காலுக்குக் கீழே வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கார் டிக்கியைத் தூக்கி வைத்து அதன் மறைவில்தான் விமானத்தை விரலில் நிறுத்துவோம். காற்றுப் பட்டால் சரியாகப் பார்க்க முடியாது.

"மட்டமா இருக்கா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

அவர் விரலால் இடம் பார்ப்பார். மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதா என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு எதிரில் குத்தவைத்திருந்தவன் நான்.

"மட்டம்ண்ணே" என்றேன்.

விமானம் மட்டமாகத்தான் நின்றது. அதில் பொய் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

டயர் கடைக்காரனும் விமானமும்

தேனியில் டயர் கடை போட்டு, வீல் பேலன்ஸ் மெஷின் வாங்கி வைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த கூடலூர்க்காரர் ஒருவர், "பொம்மை விமானம் விடுவீர்களாமே, அதை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பொம்மை என்று சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. என் மனைவி அதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள்.

என் தொழிலே எடை சரிபார்ப்பதுதான். எண்பதில் போனால் ஸ்டியரிங் உதறுகிறது என்று கார்க்காரர்கள் வருவார்கள். சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் எடை குறைகிறதோ அந்தப் பக்கம் சின்ன ஈயக் கட்டியை ஒட்டி அனுப்புவேன். சுண்டுவிரல் அளவு ஈயம்தான். அது இல்லாவிட்டால் மொத்தக் காரும் ஆடும்.

விமானமும் அப்படித்தான். ரிமோட்டில் பறக்கிற விமானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் எடை கூடுகிற புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்திருப்பீர்கள். நாங்கள் சி.ஜி. என்போம். எங்கள் வகை விமானத்தில் அது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கீழே விரலைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும்.

மூக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் மோசமில்லை. சோம்பேறித்தனமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் பக்கம் கனத்துவிட்டால் தொலைந்தோம். தரையை விட்டு எழும்பியதும் மூக்கைத் தூக்கும். இறக்கினால் குப்புறப் பாயும், ஏற்றினால் மறுபடி தூக்கும். மேலும் கீழுமாகத் துள்ளும். பார்க்கிறவர்களுக்கு ரிமோட் பிடித்திருப்பவன் கை நடுங்குவது மாதிரித்தான் தெரியும்.

இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

விரல் வைப்பது

சாலமோன் அண்ணனுக்கு போடி பஜாரில் பெயிண்டுக் கடை. எங்கள் பக்கத்தில் முதன்முதலாக ரிமோட் விமானம் வாங்கியவர் அவர்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சனிக்கிழமை சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கண்மாய்க்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் எங்கள் எல்லாருக்கும் சனிக்கிழமைதான் பறக்கும் நாள் என்று ஆகிவிட்டது.

புது விமானம் எதுவும் அவர் விரல் வைக்காமல் எங்கள் கண்மாயிலிருந்து கிளம்பியதில்லை. எங்கள் விமானங்களின் இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு குறுக்குச் சட்டம் ஓடும். சரியான புள்ளி அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே. மேலே இஸ்திரி போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் அது மெல்லிய மேடாகத் தட்டுப்படும். அண்ணன் விரல் நுனியால் தடவிக்கொண்டே போய் அந்த மேட்டில் நிறுத்துவார்.

"பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கலாமேண்ணே" என்று ஒருமுறை சொன்னேன்.

"பட்டுச் சேலையில போயி பேனாவால கிறுக்குவியாடா? வெரலுக்குத் தெரியாதத கோடு என்ன சொல்லப்போகுது" என்றார்.

அப்போது அவர் விரலுக்குத் தெரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சூடு தெரியாத டீ

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் யாரும் இனிப்பைக் குறைப்பதில்லை. ஐயோ பாவம் என்று ஒரு வடை சேர்த்து வைப்பார்கள்.

ஒருநாள் போடியில் டீ குடித்தோம். நான் கண்ணாடி கிளாஸைத் துண்டால் பிடித்திருந்தேன். அவர் வெறும் விரலால் கிளாஸை வளைத்துப் பிடித்துக்கொண்டு ரிமோட் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்.

"சூடு தெரியலையாண்ணே?"

"பயலுக ஆறவச்சுக் குடுக்குறானுக" என்றார்.

அவர் கீழே வைத்ததும் அந்த கிளாஸைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

அதற்குப் பிறகு இன்னொரு நாள், என் கடைக்குப் பின்னால் மோட்டார் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தோம். சூட்டுக்கம்பி அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் பட்டுப் புகைந்தது. கருகின வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். "அண்ணே, சர்க்கரையில விரல் செத்துப்போச்சு, இனிமே கோடு போட்டுப் பாப்போம்" என்று ஒரு வாக்கியம். பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே மரியாதைப் பாடம் நடத்திக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

வாயைத்தான் பொத்தினேன். கை சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே ஒரு பலகையில் இரண்டு பென்சிலைச் செங்குத்தாக நட்டு, ரப்பர் முனை மேலே இருக்கும்படி ஒரு ஸ்டாண்டு செய்தேன். கண்மாய்க்குப் போகுமுன் என் விமானத்தை அதில் வைத்துச் சரிபார்ப்பேன். இறக்கைக்கு அடியில் புள்ளி வைத்து, அது தெரியாமல் டேப்பும் ஒட்டிவிடுவேன். கண்மாயில் அண்ணன் விரல் வைப்பார். பேட்டரியைப் பின்னால் தள்ளச் சொல்வார். தள்ளுவேன். பிறகு, "வயரு லூசா இருக்குண்ணே, ஒரு நிமிசம்" என்று டிக்கிக்குள் குனிந்து பேட்டரியை என் புள்ளிக்கே கொண்டுவந்துவிடுவேன்.

என் விமானங்கள் விழவில்லை. அதற்கடுத்த இரண்டு வருடத்தில் மற்றவர்களுடையது ஒவ்வொன்றாக விழுந்தது. அண்ணன் காற்றைக் குற்றம் சொன்னார், மோட்டாரைக் குற்றம் சொன்னார். "பாண்டி கைதான் கை" என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் போனால் இந்த அத்தியாயத்துக்கே அர்த்தமில்லை.

சுருளி

சுருளி ஜீப் டிரைவர். விடிவதற்கு முன் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போவான். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே லாரி வந்தால் மற்ற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சுருளி அடிக்க மாட்டான். ஓரம் கட்டி, "போங்க சேட்டா" என்று கையைக் காட்டுவான். அவன் வண்டியென்றால் பின்சீட்டில் பெண்கள் தூங்கிக்கொண்டே மலையேறுவார்கள்.

அவனுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நடுக்குவாதம். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி டீ சட்டையில் கொட்டிவிடும். போடியில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. சுருளி அதைப் பற்றிப் பேசமாட்டான். ஆனால் காலையில் ஜீப்பைக் கிளப்புமுன் இரண்டு கையையும் ஒருமுறை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொள்வான். சாமி கும்பிடுவது மாதிரி அவனுக்கு அது ஒரு பழக்கம்.

மலையிறங்கி வந்து மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மஞ்சள் விமானத்தைச் செய்தான். எட்டு மாதம் ஆனது. பஞ்சு மாதிரி லேசான பால்சா மரக்கட்டை ஒவ்வொன்றையும் அவனே அறுத்து, தேய்த்து ஒட்டினான். முடித்துக் கொண்டுவந்தபோது நான் வாயால் பாராட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. என்னுடையது எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

நான் பார்த்தது

இனி மறுபடி டிக்கி மறைவுக்கு வருகிறேன்.

அண்ணன் கண்ணை மூடி, தடவிக்கொண்டே போய், விரலை நிறுத்தினார். நான் எதிரில் குத்தவைத்திருந்தேன். மஞ்சள் தாள் மெல்லியது. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. உள்ளே ஓடுகிற குறுக்குச் சட்டம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அண்ணனின் விரல்கள் அந்தக் கோட்டுக்கு முழுசாக ஒரு விரற்கடை பின்னால் இருந்தன.

அங்கே நிறுத்தி மட்டம் பார்த்தால் வால் கனம் என்று அர்த்தம். டயர் கடைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக ஒன்று தெரியவேண்டியதில்லை.

"மட்டமா இருக்கா?"

"மட்டம்ண்ணே."

அதன்பிறகும் நேரம் இருந்தது. வயர் லூசாக இருக்கிறது என்று அவனுக்காகவும் குனிந்திருக்கலாம். பேட்டரியை முன்னால் தள்ளி, மூக்கில் ஒரு ஈயக் கட்டியை ஒட்டியிருந்தால் போதும். என் சட்டைப் பையில் ஈயம் இருந்தது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறாரே என்று நினைத்தேன். ஒருவேளை பறந்துவிடும் என்றும் நினைத்தேன். விழுந்தால்தான் என்ன என்றும் ஒரு நொடி நினைத்தேன். மூன்றில் எது என்னைத் தடுத்தது என்று இன்றைக்குவரை தெரியாது.

விமானம் மண்ணில் ஓடி எழும்பியது. உடனே மூக்கைத் தூக்கியது. சுருளி இறக்கினான், குப்புறப் பாய்ந்தது. ஏற்றினான், செங்குத்தாக நின்றது. நாலு தடவை துள்ளி, ஐந்தாவது தடவை இறக்கை சரிந்து, கருவேல மரத்துக்கு இந்தப்பக்கம் மண்ணில் குத்தியது. கட்டை முறிகிற சத்தம் கேட்டது.

சுருளி ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றான். அண்ணன் போய் அவன் தோளில் கை போட்டார். திட்டவில்லை. அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

"ஏப்பா சுருளி, கை நடுங்குதே. பிளேனு என்ன பாடுபட்டுச்சு பாத்தியா? ஒங்கப்பாவுக்கு வந்தது ஒனக்கும் வருதோ என்னமோ. டாக்டரப் பாருய்யா."

சுருளி கையை முன்னால் நீட்டிப் பார்த்தான். நடுங்கியது. எட்டு மாத உழைப்பு கண்ணெதிரே நொறுங்கினால் யார் கைதான் நடுங்காது? ஆனால் அவன் அப்படி யோசிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலு சக்கரம்

பதினைந்து நாள் இருக்கும். ஒரு புது ஆள் சுருளியின் ஜீப்பை என் கடைக்கு ஓட்டிவந்தார். சுருளி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"வித்துட்டேண்ணே. இவுகதான் வாங்கியிருக்காக. பேலன்ஸ் பாத்துக் குடுங்க" என்றான்.

"ஏண்டா?"

"ஏழாவது வளைவுல கை ஆடுச்சுண்ணே. பின்னால பன்னெண்டு பொம்பளைக. வண்டிய அங்கனயே நிறுத்திட்டேன். வேற ஆளு வந்து எறக்குனாக." பிறகு, "போதும்ண்ணே. எங்கப்பன மாதிரி ஆகி, நாலு உசுரக் கொன்னுறக் கூடாதுல்ல" என்றான்.

நான் நாலு சக்கரத்தையும் கழற்றி மெஷினில் போட்டேன். எங்கெங்கே ஈயம் வேண்டுமோ ஒட்டினேன். ஒரு மணி நேரம் அவன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "ஒங் கையில ஒண்ணுமில்ல சுருளி" என்று சொல்ல ஒரு மணி நேரம் தாராளம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பின்பக்கக் குழாய்

இந்தத் தை மாதம் சாலமோன் அண்ணன் காருக்கு டயர் மாற்ற வந்தார். கை கழுவக் கடைக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பென்சில் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அதன்மேல் என் விமானம். அவர் அதைத் தூக்கி, இறக்கைக்கு அடியில் ஒட்டிய டேப்பை உரித்திருந்தார். புள்ளிகள் தெரிந்தன.

"எம்புட்டு நாளா?" என்றார்.

"ஆறு வருசமாண்ணே."

"அப்ப எவ் வெரலு..."

அவர் தம் விரல் நுனியை இன்னொரு கை நகத்தால் அழுத்திப் பார்த்தார். தழும்பு இருந்த இடம். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஏலே பாண்டி, என்னய வெரல வைக்க விட்டு வேடிக்க பாத்தியா?" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "சுருளி பிளேனு?" என்று கேட்டார்.

"அதுவும்தாண்ணே."

டயரை மாட்டி முடிக்கும்வரை அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. நான் போன் போட்டால் எடுப்பதில்லை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மண்டபப் படி

சுருளி இப்போது போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். இதை எழுதுவதற்குச் சில நாள் முன்னால் காலையில் போனேன். ஹோஸ் பைப் பிடித்து வாசல் படியைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, நாற்காலி எடுத்துப் போட்டான்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவனே சொன்னான். "சாலமோன் அண்ணே வந்தாகண்ணே. கால்ல புண்ணு, நடக்க மாட்டாம நடந்து வந்தாக. எந் தப்புதாண்டா, எவ் வெரலு செத்துப்போனது எனக்கே தெரியல, ஒங் கையில ஒண்ணுமில்லன்னு சொல்லி, இங்கன ஒக்காந்து அழுதுட்டாக."

"என்னயப் பத்தி எதுவும் சொன்னாரா?"

"ஒங்களப் பத்தியா? ஒண்ணும் சொல்லலையே."

அண்ணன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அப்படியே டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சத்தியமாக அந்த ஆசை வந்தது.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் சுருளி" என்றேன். "வெரலு பின்னால தள்ளி இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் மட்டம்னேன்."

அவன் போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"அவுக தெரியாமச் சொன்னாக" என்றான். "நீங்க தெரிஞ்சுக்கிட்டு எஞ் ஜீப்புக்குப் பேலன்ஸ் பாத்தீகளாண்ணே?"

செய்ததை எப்படியாவது திருப்பிவிடலாம் என்ற அவசரத்தில் என் கார் சாவியை எடுத்து நீட்டினேன்.

"இந்தா. ஒங் கை நல்லாத்தான் இருக்கு. தெருமுனை வரைக்கும் ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."

அவன் சாவியை வாங்கினான். வாங்கிய கை ஆட ஆரம்பித்தது. வளையத்தில் இருந்த மற்றச் சாவிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நிற்கவில்லை.

"மதுரை வரைக்கும் போய்ப் பாத்தாச்சுண்ணே. டாக்டரு ஒரு வியாதியும் இல்லன்னுட்டாக. வேற எதத் தொட்டாலும் ஆடுறதில்ல. வண்டிச் சாவியத் தொட்டாத்தான்."

சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். மத்தியானம் ஒரு வளைகாப்பு இருக்கிறது, அதற்குள் கழுவி முடிக்க வேண்டும் என்று சொல்லிக் குழாயைத் திறந்தான். நான் காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு படியாகக் கழுவிக்கொண்டு இறங்கினான். ஹோஸைப் பிடித்திருந்த கை கொஞ்சம்கூட ஆடவில்லை.